ஒட்டுக்கேட்டவர்களின் ஒலிநாடாக்கள்

மொன்றியலில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடியபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருடமாக அங்கே காற்சட்டைகளுக்குப் பொக்கற் தைத்திருந்தேன். வேலை தேடித்தரும் அலுவலகத்தில் என் பழைய சான்றிதழ்களைப் புரட்டிய பெண், நான் மன்னார் மாவட்ட அலுவலகமான கச்சேரியில் ஆங்கிலத் தட்டெழுத்தாளராக இருந்ததைக் கண்டுபிடித்தாள். இதை ஏன் இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். யாரும் கேட்கவில்லை என்றேன். அடுத்த கிழமை அவள் என்னை ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்கு அனுப்பினாள். என் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியைத் தாண்டியிருக்கவில்லை. அந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

வேலை இதுதான். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பேராசிரியர் இந்த நாட்டின் ஒட்டுக்கேட்கும் நிறுவனத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். பிற நாடுகளின் வானொலிச் செய்திகளையும் தந்திகளையும் காற்றிலிருந்து பிடித்து, சங்கேதத்தை உடைத்து, அரசாங்கத்திடம் கொடுக்கும் நிறுவனம். அதில் முன்பு வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்து அவர் பேட்டி எடுத்திருந்தார். அந்த ஒலிநாடாக்களைக் கேட்டு ஒரு சொல் விடாமல் நான் தட்டெழுத வேண்டும். இருமினால் இருமல் என்று போட வேண்டும். பத்து விநாடிக்கு மேல் பேசாமலிருந்தால் மௌனம் என்று எழுதி, எவ்வளவு நேரம் என்றும் குறிக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கேட்பதை வெளியே சொல்லமாட்டேன் என்ற படிவம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் இருக்கவில்லை. என்னைக் கலியாணம் கட்டி இங்கே கூப்பிட்டவர் இரண்டாம் வருடமே டொரொண்டோவுக்கு வேலைக்கென்று போய் அங்கேயே தங்கிவிட்டார். பூசைக்குப் போகும் மாதா கோயிலில் எங்களூர் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் தனியாக இருக்கும் பெண்ணிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்து, பூசை முடிந்ததும் பக்கவாசலால் வெளியேறப் பழகியிருந்தேன். இப்போது என்ன வேலை என்று யாராவது கேட்டால் யூனிவர்சிட்டியில் ரைப்பிங் என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். ஒட்டுக்கேட்பது பற்றிய வேலை என்று சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறு கோயிலில் என் வாங்கில் யாரும் வந்து உட்கார்ந்திருக்கமாட்டார்கள். ஊர்ச் சண்டையை நினைத்து அந்த ஆண்டுகளில் எங்கள் ஆட்கள் இங்கேயும் தொலைபேசியில் பார்த்துத்தான் பேசினார்கள்.

எனக்குக் கொடுத்த அறை நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. ஒரு மேசை, ஒரு கணினி, காலால் மிதித்தால் நாடா ஓடும் ஒரு பெட்டி, ஹெட்போன். நாடாக்களில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். காலையில் போய் உட்கார்ந்தால் மதியம் கொண்டுபோன சோற்றைச் சுடவைக்கத்தான் எழும்புவேன். பின்னேரம் மெட்ரோவில் யாராவது தட்டுப்பட்டு, நான் மன்னிப்புக் கேட்கும்போதுதான் அன்று என் வாயிலிருந்து முதல் சொல் வெளியே வரும். அப்படிப் பல நாட்கள் போயின.

அந்த நிறுவனத்தின் வரலாறு எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. உலகப் போரின் நடுவே சில கணிதக்காரர்களையும் தட்டெழுத்துப் பெண்களையும் வைத்துத் தொடங்கியிருக்கிறார்கள். போர் முடிந்தது. அதை மூட யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு விஞ்ஞான ஆராய்ச்சிச் சபையின் பெயருக்குள் அதை ஒளித்து வைத்தார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் நாட்டு மக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை வெளியே கொண்டுவந்தது. அரசாங்கம் ஒத்துக்கொண்டு, அதைப் பாதுகாப்பு அமைச்சின் கீழே மாற்றியது. பேராசிரியரின் புத்தகத்தில் இவையெல்லாம் அத்தியாயங்களாக வந்தன. எனக்கு அவை குரல்களாக வந்தன.

ஒருவர் வட துருவத்துக்குக் கிட்டவுள்ள நிலையமொன்றில் இருந்தவர். குளிர்காலம் முழுவதும் சூரியனைக் காணாமல் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். இன்னொருவர் ஐந்து ஐந்தாக வரும் இலக்கங்களைப் பதினொரு வருடம் பிரதி எடுத்தவர். அவை என்ன என்று அவருக்கு ஒருபோதும் சொல்லப்படவில்லை. பேட்டியின் முடிவில், உங்களுக்காவது தெரியுமா என்று பேராசிரியரைக் கேட்டார். அந்தக் கோப்புகள் இன்னும் திறக்கப்படவில்லை என்று பேராசிரியர் சொன்னார். அதற்குப் பிறகு நாடாவில் அவர் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாமவரின் மனைவி, தொலைக்காட்சி நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, நீங்கள் இவ்வளவு காலமும் செய்த ஆராய்ச்சி எது என்று கேட்டிருக்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்றாராம் அவர். மனைவி அதன்பிறகு பத்து வருடம் உயிரோடிருந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றித் திரும்பப் பேசவில்லை.

இவர்களில் அநேகம் பேர் என்னைவிட வசதியாக, பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தவர்கள். இருந்தும் அந்த ஹெட்போனுக்குள் அவர்கள் எனக்கு அயல்வீட்டுக்காரராகிவிட்டார்கள். காலையில் நாடாவைப் போடும்போது, வந்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பதினேழாம் இலக்கம் ஒரு பெண். வயது எண்பதைத் தாண்டிய குரல், ஆனால் சொற்கள் தெளிவாக விழுந்தன. கிழக்குக் கரையில் பெண்கள் மட்டும் வேலை செய்த ஒரு கடற்படை வானொலி நிலையத்தில் பத்தொன்பது வயதில் சேர்ந்திருக்கிறார். அத்திலாந்திக்கில் அலைந்த ஜெர்மன் நீர்மூழ்கிகள் அனுப்பும் மோர்ஸ் செய்திகளைக் கேட்டு எழுதுவதும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிவிப்பதும் வேலை. போருக்குப் பிறகு சில வருடம் ஒட்டாவாவில் அந்த நிறுவனத்தில் இருந்துவிட்டு, கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்திருக்கிறார். கணவர் பிரெஞ்சுக்காரர். வானிலை அறிக்கைகளைத் தட்டெழுதியதாகக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த நாடாவில், குறிப்பிட்ட ஓர் அனுப்புநரை அவர் மோர்ஸ் தட்டும் விதத்தை வைத்து அடையாளம் காண முடியுமா என்று பேராசிரியர் கேட்கிறார். முடியும், ஒவ்வொருவருக்கும் ஒரு கை இருக்கும் என்கிறார் அவர். யாரையாவது நினைவிருக்கிறதா என்று பேராசிரியர் கேட்கிறார். அதன்பிறகு நான்கு நிமிடம் ஒன்றுமில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடுகிறது. பிறகு அவர், தேநீர் ஆறிவிட்டது என்கிறார். நான் விதிப்படி மௌனம், நான்கு நிமிடம் என்று எழுதினேன்.

தட்டெழுதிய பிரதியைப் பேட்டி கொடுத்தவர்களுக்கு அனுப்பி, திருத்தமும் சம்மதக் கையெழுத்தும் வாங்குவது வழக்கம். பதினேழாம் இலக்கத்திடமிருந்து கடிதம் வரவில்லை, தொலைபேசி வந்தது. கண் பார்வை போய்விட்டது, யாராவது வந்து வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடலாம் என்றார். மகளை வாசிக்கச் சொல்லலாமே என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். அது முடியாது என்று பதில். என்னைப் போகச் சொன்னார்கள்.

மஞ்சள் வழி மெட்ரோவில் ஆற்றைக் கடந்து லொங்குய்ய் என்ற புறநகருக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்தேன். ஒரே மாதிரியான தாழ்ந்த வீடுகள் உள்ள தெரு. முன்கதவில் ஊன்றுகோலோடு அவர் நின்றார். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தலையைச் சாய்த்து, இன்னொரு முறை பேசு என்றார். என் ரகரம் எங்கே உருள்கிறது என்று கவனித்தாராம். அறுபது வருடத்துக்குப் பிறகும் காது வேலையை விடவில்லை.

முதல் சனிக்கிழமை ஆறு பக்கம்தான் வாசித்தோம். ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தச் சொல்வார். தான் சொன்னதை என் வாயால் கேட்டுவிட்டு, நான் அப்படியா சொன்னேன் என்பார். சில இடங்களில் சிரிப்பார். இரண்டு தேநீர் குடித்தோம். அடுத்த சனியும் வரச் சொன்னார். எழுபது பக்கப் பிரதி வசந்தம் முழுவதும் இழுத்தது. முடிந்தபோது, தொடக்கத்தை மறந்துவிட்டேன், மறுபடி வாசி என்றார். மறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். நானும் மறுபேச்சுப் பேசாமல் முதலாம் பக்கத்தைத் திருப்பினேன். அந்த நகரத்தில் ஒரு கிழமையில் எனக்காக யாராவது கதவடியில் நின்றது அங்கே மட்டும்தான்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது மகள் தன் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். என் வயது இருக்கும். அவர் முகம் மாறவில்லை. என் கையிலிருந்த தாள்களின் மேல் தன் கம்பளித் துண்டைப் போட்டுவிட்டு, மகளோடு பிரெஞ்சில் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மகள் எனக்கு ஒரு பொன்ஜூர் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அவ்வளவு பழக்கமாக, அவ்வளவு விரைவாக ஒரு தாய் தன் பிள்ளைக்கு முன் எதையோ மூடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாம் சுற்றில், கோடை நடுவில், அந்த நான்கு நிமிடத்துக்கு வந்தோம். நான் எழுதியிருந்தபடியே வாசித்தேன். அவர் சிரித்தார்.

“நேரம் பார்த்தாயா?”

“அதுதான் விதி.”

“நல்ல பிள்ளை. எனக்கும் அதைத்தான் பழக்கினார்கள்.”

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். ஒரு நீர்மூழ்கியில் இருந்த ஒருவனை அவர் ஐந்து மாதம் கேட்டிருக்கிறார். அவன் ஒவ்வொரு எழுத்துக் கூட்டத்தின் கடைசி நீண்ட ஒலியை இன்னும் கொஞ்சம் இழுப்பானாம், விட்டுவிட மனமில்லாதவன் போல. களைத்திருந்தால் இழுவை கூடும். செய்தி சங்கேதத்தில் இருந்ததால் அவன் என்ன சொன்னான் என்பது அவருக்குத் தெரியாது. எப்படிச் சொன்னான் என்பது மட்டும் தெரியும். வேலைக்குப் போகும்போது, இன்று அவன் வருவானா என்று பார்த்திருப்பாராம். ஒரு நாள் பின்னேரம் அவன் வந்தான். அவர் கையைத் தூக்கி அறிவித்தார், திசை எடுத்தார்கள். ஓர் எழுத்துக் கூட்டத்தின் நடுவில் சத்தம் நின்றது. திரும்ப வரவில்லை. அந்தக் கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். அங்கே யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். ஐஸ்கிரீம் வந்தால் எங்கோ ஒரு நீர்மூழ்கி போயிருக்கிறது என்று பெண்கள் விளங்கிக்கொள்வார்களாம்.

“நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்,” என்றார். “எனக்குப் பத்தொன்பது வயது. என் தமையன் அதே கடலில் கப்பலில் போய்வந்துகொண்டிருந்தான். நான் செய்தது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் நீர்மூழ்கியில் இருந்தவனுக்கு நான் ஒருத்தி இருந்தது தெரியாது. அது ஒன்றுதான்.”

அதைப் பிரதியில் சேர்க்க வேண்டாம் என்றார். நான் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கடைசிச் சொற்கள் என்னோடு வந்தன.

என் தம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயது இளையவன். மன்னாரில் மீன்பிடித்தொழில். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வீட்டுக்குக் கிட்டவுள்ள டெப்பனேர் என்ற மூலைக் கடையில் தொலைபேசி அட்டை வாங்கிவந்து அவனுக்கு எடுப்பேன். அங்கே அப்போது மாலை. அவன் ஊரிலுள்ள ஒரு தொலைபேசிக் கடையில் வந்து காத்திருப்பான். சமாதான காலத்தில் வெளிப்படையாகப் பேசினோம். அவன் கலியாணம் கட்டியது, வள்ளத்துக்குப் புது எஞ்சின் போட்டது எல்லாம் அப்படித்தான் தெரியும். சண்டை மறுபடி தொடங்கியதும் பழைய பாஷை திரும்பி வந்தது. ஷெல் விழுந்தால் மழை. ஆமிக்காரர் மாமா ஆட்கள். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் அவர் ஆஸ்பத்திரியில். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்தப் பாஷை தெரியும். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் அப்படித்தான் பேசுவோம்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, மாமா ஆட்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்துபோனதாகத் தம்பி சொன்னான். பக்கத்து வீட்டுப் பெடியன் ஆஸ்பத்திரியில் என்றான். குரல் மெலிந்திருந்தது. இடையில் இணைப்பில் ஒரு சின்னக் கிளிக் சத்தம் கேட்டது. அது எப்போதும் கேட்கும் சத்தம்தான், வெறும் பழைய கம்பியாகவும் இருக்கலாம். ஆனால் அன்று எனக்கு அங்கே ஒரு முகம் தெரிந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, காதில் ஹெட்போனோடு, எங்கள் குரலைக் கிழமைக்குக் கிழமை கேட்டுப் பழகியவள், தன்னை யாருக்கும் தெரியாதவள். நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் பேசிவிட்டேன்.

“கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை, நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது. இவன் என்ர தம்பி. கடலுக்குப் போய்வாறதைத் தவிர இவன் ஒண்டும் செய்யிறேல்லை. இவனுக்கு ஒண்டும் வராமல் பார்த்துக்கொள், பிள்ளை.”

பிறகு தம்பி மெல்லிய குரலில் கேட்டான்.

“அக்கா, உங்களுக்கு என்ன விசரே?”

இணைப்பு அறுந்தது. திரும்ப எடுத்தேன். கடைக்காரர், அவன் போய்விட்டான் என்று சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த ஞாயிறு எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

மூன்றாம் கிழமை லொங்குய்ய்க்குப் போனபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்ன கதைதான் என்னை அப்படிப் பேசவைத்தது என்பதையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“நீ அதைச் செய்திருக்கக் கூடாது,” என்றார். “நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் என்னைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? அதையும் எழுதியிருப்பேன். நேரம் போட்டு, மேலே அனுப்பியிருப்பேன். முன்பைவிட வேகமாக அனுப்பியிருப்பேன்.”

என் கை மேல் கை வைத்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அன்று பிரதியை வாசிக்கவில்லை. தேநீரைக் குடிக்காமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அடுத்த சனி போகவில்லை. அதற்கடுத்த சனி போக நினைத்தேன், பனி கொட்டியது, அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன்.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன், பேராசிரியருக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதுவித்து, கீழே கோணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். பேட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நாடாவையும் பிரதியையும் அழித்துவிடுங்கள் என்று இரண்டு வரி. காரணம் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று பேராசிரியர் என்னிடம் கேட்டார். மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கலாம் என்றேன். அதுவும் உண்மையாக இருந்திருக்கலாம். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, விதிப்படி செய்யுங்கள் என்றார்.

பிரதியைத் தாள் அரைக்கும் பொறியில் போட்டேன். நாடாவை அழிப்பதற்கு அந்தத் துறையில் தனிக் கருவி இல்லை. மைக்கைக் கழற்றிவிட்டு வெறுமையைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருமுறை கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. நாடா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டேன். இடையில் யாரோ கதவைத் தட்டி, ஸ்டேப்ளர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தம்பியிடமிருந்து செய்தி இல்லாமல் அன்றோடு பத்துக் கிழமை. ஒன்றரை மணித்தியாலம் அழுதேன் என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் அழுதேன். மீதி நேரம் வெறுமனே இருந்தேன்.

அந்தக் குளிர்காலம் எனக்கு நினைவில் ஒரே நாளாகத்தான் இருக்கிறது. வேலை, மெட்ரோ, வீடு. கோயிலில் மன்னார்ச் செய்தி ஏதாவது காதில் விழுமா என்பதற்காக மட்டும் பக்கவாசலால் போகாமல் முன்வாசலில் நின்றேன். யாரிடமும் நேராகக் கேட்கப் பயம். கேட்டால், நீங்கள் கடைசியாகக் கதைக்கேக்கை என்ன கதைச்சனீங்கள் என்று திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம். ஒரு முறை ஒரு மன்னார்க்காரி என் கையைப் பிடித்து, தம்பி சுகமோ என்று கேட்டாள். ஓம் என்றேன்.

சித்திரை மாதம் ஒரு காலை, வேலைக்குப் புறப்படும் நேரம் தொலைபேசி அடித்தது. இந்திய இலக்கம்.

“அக்கா, நான் இஞ்சாலை, மண்டபத்திலை. வள்ளத்திலை வந்திட்டம்.”

மனைவியோடு இராமேசுவரத்துக்கு வந்து இறங்கி, மண்டபம் அகதி முகாமில் பதிந்திருந்தான். நான் சப்பாத்தோடு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு, தண்ணி, உடம்பு எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் கேட்டேன். நான் அன்றைக்குப் பேசியதால் ஏதாவது நடந்ததா?

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“தெரியேல்லை அக்கா. ரெண்டு நாள் கழிச்சு கடைக்கார அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் விசாரிச்சவங்கள். நாலு நாளிலை விட்டிட்டாங்கள். பேந்து அவர் கடையைப் பூட்டிப்போட்டார். அது உங்கட கதையாலையோ, வேறை எதாலையோ. ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

அடிச்சவங்களோ என்று கேட்டேன். அதை விடுங்கோ என்றான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். அந்தக் கடைக்காரரைப் பற்றி இரண்டு பேரும் எடுத்ததில்லை. அவருடைய முகம் எனக்குத் தெரியாது. ஆள் வந்திட்டுது, கதையுங்கோ என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும் குரல் மட்டும் தெரியும்.

தம்பி உயிரோடிருக்கிறான் என்று தெரிந்த அந்தக் கிழமையே லொங்குய்ய்க்குப் போகப் புறப்பட்டேன். முதலில் தொலைபேசி எடுத்தேன். மகள் எடுத்தாள். தாயார் மாசி மாதமே இறந்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னாள். நான் யார் என்று கேட்டாள். சனிக்கிழமைகளில் வந்து வாசித்துக் காட்டியவள் என்றேன். உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றாள்.

அவள் வசித்த புரோசார்டில் ஒரு கடைத்தொகுதிக் கோப்பிக் கடையில் சந்தித்தோம். தாயின் சுவர் நாட்காட்டியில் சனிக்கிழமைகள் எல்லாம் பெரிய எழுத்தில் ‘வாசிப்பு’ என்று குறிக்கப்பட்டிருந்ததாம். நான் போகாமல் விட்ட சனிகளிலும் இருந்ததாம்.

“அம்மா உங்களை என்ன வாசிக்கச் சொன்னார்?” என்று கேட்டாள்.

கேட்டதைச் சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைவிட, கம்பளித் துண்டால் தாள்களை மூடிய கையைப் பார்த்திருந்தேன். பழைய கடிதங்கள் என்றேன்.

“யாருடையவை?”

“கடலில் இருந்த ஒருவர். உங்கள் அப்பாவைச் சந்திப்பதற்கு முன்பு.”

அவள் கண்கள் விரிந்தன. பிறகு சிரித்தாள். அம்மாவுக்கு அப்படி ஒருவர் இருந்தது நல்லது என்றாள். கடிதங்கள் எங்கே என்று கேட்டாள். அழித்துவிடச் சொன்னார், அழித்துவிட்டேன் என்றேன். அது மட்டும் உண்மை. அவள் நம்பினாள். என்னை மெட்ரோ வரை காரில் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் தாயின் சமையல் எவ்வளவு மோசம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் சொன்னது சரியா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இதை எழுதும்போது பெயர்களை விட்டதும், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒன்றிரண்டை மாற்றியதும் அதனால்தான். பிரதியில் சேர்க்காதே என்றுதான் அவர் சொன்னார். ஒருபோதும் சொல்லாதே என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன்.

பேராசிரியரின் புத்தகம் அடுத்த வருடம் வந்தது. தடித்த புத்தகம். கிழக்குக் கரைப் பெண்களுக்கு ஒன்றரைப் பக்கம் கிடைத்திருந்தது. எனக்கு ஒரு பிரதி தந்தார். வேலை முடிந்தது. அதன்பிறகு ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தின் சமையலறையில் சேர்ந்தேன். நாற்பது சின்னப் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருக்கும் இடம். முதல் மாதம் பின்னேரமானால் காது வலிக்கும்.

தம்பியை இங்கே எடுக்கப் போட்ட விண்ணப்பம் சரிவரவில்லை. அவன் முகாமில்தான் இருக்கிறான். கட்டட வேலைக்குப் போகிறான். ஒரு மகள் பிறந்தாள். அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தொலைபேசியைத் தகப்பனிடமிருந்து பறித்துவிடுவாள். நாங்கள் மாமி என்று சொல்வதை அவள் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல அத்தை என்கிறாள். “அத்தை, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு தெரியுமா?” என்று தொடங்கினால் நிறுத்தமாட்டாள். அத்தை என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான் என்று உணர எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இப்போது பழகிவிட்டது.